ஸ்டெபியும் நாற்பத்தேழாம் டோக்கனும்

ஸ்டெபி மனிதவள மேலாண்மை படித்தது ஆசைப்பட்டு அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இன்று கழுத்தில் அடையாள அட்டையோடு, துறைமுகச் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டின் ஹெச்.ஆர். அலுவலகத்தில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறவர்கள், சின்ன வயதிலேயே ஏதோ லட்சியம் வைத்துப் படித்தவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவள் எடுத்தது பி.எஸ்சி. விலங்கியல். கூடவே மைனர் என்று ஒரு துணைப்பாடமும் எடுத்தாக வேண்டும் என்று கல்லூரியில் புது விதி வந்தது. அவள் கேட்டது கணினி. வரிசையில் அவள் முறை வருவதற்குள் கணினி நிறைந்துவிட்டது, உளவியலும் நிறைந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "ஹெச்.ஆர். இருக்கு, போடவா?" என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காதவர்கள் கிடைத்த இடத்தில் உட்காருகிற மாதிரி, அவளும் "போடுங்க சார்" என்றுவிட்டாள்.

வீட்டில் இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்பா இனிகோ மாலத்தீவுக்குப் போகிற தோணியில் வேலை பார்ப்பவர். போனில் கேட்டுவிட்டு, "நல்லா படி" என்று சொல்லி வைத்துவிட்டார். அம்மா டெல்பினுக்கு விலங்கியல் புரிந்தது, இது புரியவில்லை. அடுத்த வீட்டில்தான் அம்மாவின் தங்கை பேபி இருந்தாள். ஸ்டெபிக்குச் சித்தி. சித்தப்பா கடலில் போய்ச் சேர்ந்து அப்போதே எட்டு வருஷமாகியிருந்தது. அன்று முதல் சித்தி இறால் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் இறால் உரிக்கிறாள். எதிர்வரிசையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் சீனித்தாய், சாயர்புரம் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவள்தான் கடையிலிருந்தபடியே சத்தமாகக் கேட்டாள்:

"ஏளா, அது வேலைக்குச் சேக்குத படிப்பா, வேலையை விட்டு அனுப்புத படிப்பா?"

பாடத்தில் இரண்டுமே இருந்தன.

ஆனால் பாடம் பிடித்துவிட்டது. அதுதான் வேடிக்கை. காலையில் இறாலின் கால்களை எண்ணிப் படம் போடுவாள். மத்தியானம் சிவபாலன் சாரின் வகுப்பில் மனுஷர்களைப் பற்றிப் படிப்பாள். ஒருவர் ஏன் வேலைக்கு வருகிறார், ஏன் வராமல் போகிறார், எதைச் சொன்னால் உற்சாகமாகிறார் என்பதற்கெல்லாம் புத்தகத்தில் கட்டம் கட்டி அம்புக்குறி போட்டிருந்தது. தெருவில் சண்டை நடந்தால்கூட அதை ஒரு கட்டத்துக்குள் அடைத்துப் பார்க்கிற அளவுக்கு அவளுக்குப் பித்து ஏறியது.

மூன்றாம் வருஷம் ஒரு கம்பெனிக்குப் போய் ஆய்வு செய்து அறிக்கை எழுத வேண்டும். சித்தி வேலை பார்க்கும் கம்பெனியிலேயே அனுமதி கிடைத்தது. சித்தி சொல்லிக் கிடைத்ததல்ல. உரிக்கிற இடத்தில் நிற்பவர்களின் சிபாரிசு ஆபீஸ் வரைக்கும் போகாது. கல்லூரிக் கடிதத்தைப் பார்த்து அங்கிருந்த ஹெச்.ஆர். மேனேஜர் ராஜபாண்டி அனுமதித்தார். மதுரைக்காரர். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நல்ல மனுஷன்தான், ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் சரி செய்துவிட வேண்டும் என்ற அவசரம் இருந்தது.

"எங்க பிரச்சினையே ஆள் வராததுதாம்மா" என்றார். "திருவிழான்னா வேன் காலியா வருது. இருநூற்றுப் பன்னிரண்டு டோக்கன் இருக்கு. எது எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. நீ அதையே ஆராய்ச்சி பண்ணு."

அந்தக் கம்பெனியில் டோக்கன்தான் ஆள். வாசலில் கைரேகை மெஷின் ஒன்று இருக்கத்தான் செய்தது. வைத்த இரண்டே மாதத்தில் அது யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. ஐஸ் தண்ணீரிலும் இறால் ஓட்டிலும் வருஷக்கணக்கில் கிடந்த விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? இப்போது ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க மட்டும் அது பயன்படுகிறது. முகத்தைப் பார்த்துக் குறிக்கலாமென்றால் உள்ளே எல்லோரும் வெள்ளை அங்கி, தலையில் தொப்பி, வாயில் மாஸ்க், காலில் ரப்பர் பூட்ஸ். கண் மட்டும் தெரியும். ஆகவே ஆளுக்கொரு அலுமினிய வில்லை, அதில் ஒரு எண். வாசலில் காட்டினால் வருகை. தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் வில்லை வேறு ஆளுக்குப் போய்விடும்.

சிவபாலன் சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், அறிக்கையில் யார் பெயரும் வரக் கூடாது என்று. ஸ்டெபி பெயர்ப் பட்டியலைக் கேட்கவேயில்லை. அறுபது டோக்கன்களை எடுத்துக்கொண்டாள். மூன்று வருஷத்து வருகைப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு, வராத நாளுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்தாள். மூன்று வாரம் ஆயிற்று. பெரிய தாளில் ஊர்ப்பட்ட சிவப்புப் புள்ளிகள். ஒரே ஒரு வரிசையில் மட்டும் ஒன்றுமில்லை, வெளுத்து வந்த வேட்டி மாதிரி கிடந்தது. டோக்கன் எண் நாற்பத்தேழு. மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை.

அவள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். மூன்று வருஷத்தில் ஒரு காய்ச்சல்கூட வராத உடம்பு எது, பனிமய மாதா திருவிழாவுக்குக்கூட வேலைக்குப் போகிற பொம்பிளை இந்தக் கடற்கரையில் யார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புத்தகத்தில் அப்படி ஒரு தொழிலாளி இருந்தாள், இதோ நேரிலேயே கிடைத்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டாள். "47ஆம் எண் ஊழியரின் அர்ப்பணிப்பு அனைவருக்கும் முன்மாதிரி. இவரைப் பாராட்டுவதன் மூலம் மற்றவர்களின் வருகையை உயர்த்தலாம்" என்று எழுதினாள். சிவபாலன் சார் ஐம்பதுக்கு நாற்பத்து நான்கு போட்டார். கல்லூரி வழக்கப்படி ஒரு பிரதி கம்பெனிக்குப் போனது.

ஒரு வாரத்தில் ராஜபாண்டி கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் அவளுடைய அறிக்கை. அதில் மஞ்சள் மார்க்கர் போட்ட கோடுகள்.

"பிரமாதம்மா. வர்ற சனிக்கிழமை மகளிர் தினத்துக்கு டைரக்டர் வர்றாரு. உன் நாற்பத்தேழுக்கு மேடையில மாலை. பேரை இப்ப சொல்ல மாட்டேன், சர்ப்ரைஸ். நீதான் மாலையைப் போடணும்."

அதோடு நின்றிருந்தால் கதை வேறு. இன்னொரு தாளையும் அவள் பக்கம் தள்ளினார். ஏப்ரல் முதல் மாதத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வராதவர்களின் டோக்கன் ரத்து.

"ஒருத்தரால மூணு வருஷம் முடியுதுன்னா எல்லாராலயும் முடியும்தானே? உன் ரிப்போர்ட்டைத்தான் ஆதாரமா வச்சிருக்கேன்."

தன் எழுத்தை ஒருவர் ஆதாரமாக வைத்திருக்கிறார் என்ற பெருமையில் ஸ்டெபி பஸ் ஏறினாள். சீனித்தாய் கேட்ட கேள்வி வழியில் ஒரு தரம் எட்டிப் பார்த்தது. அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

வீட்டில் அம்மா இல்லை, சித்தி வீட்டுக் குசினியில் இருந்தாள். அக்காளும் தங்கையும் சாளை மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெபி அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சித்தி குரல் கொடுத்தாள்.

"ஏளா, மாதா படத்துக்குக் கீழ டோக்கன் தொங்குது பாரு, எடுத்தா. ஒரே கவிச்சி, கழுவி வைக்கணும்."

அந்த வில்லையை ஸ்டெபி பத்து வருஷமாகப் பார்த்திருக்கிறாள். அதில் எழுதியிருந்ததைப் படித்ததேயில்லை. இன்று ஆணியிலிருந்து எடுத்தவள் படித்தாள். நாற்பத்தேழு.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சித்திக்கா மாலை! அடுத்த நொடி சிரிப்பு நின்றுவிட்டது. போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் சித்திக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரி. கல்லூரி விட்டு வந்து தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது இதே ஸ்டெபிதான்.

"சித்தி, நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்ப இந்த டோக்கன் எங்க இருந்துச்சு?"

"உங்கம்மாட்ட" என்றாள் சித்தி, மீனைத் திருப்பிப் போட்டபடி.

டெல்பின் மகளைப் பார்க்காமலே சொன்னாள். "எட்டு நாளும் நான்தான் போனேன். நீ காலேஜுக்குப் போன பொறவு வேன் ஏறிருவேன். உனக்குப் பரீட்சை நேரம், எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

"திருவிழாவுக்கு?"

"திருவிழாவுக்கும் பெரிய வெள்ளிக்கும் சீனித்தாய் போவா. அவ ஊருக் கோயில் கொடை விழாவுக்கு அவ போனா, கடையில நான் உக்காருவேன். இது இன்னைக்கு நேத்தா நடக்கு? அங்கன பாதி டோக்கன் இப்படித்தான் ஓடுது."

ஸ்டெபி எல்லாவற்றையும் சொன்னாள். புள்ளி வைத்தது, எழுதியது, மாலை, டைரக்டர், ஏப்ரல் மாத விதி. மேடையில் சித்தியை ஏற்றி, மூணு வருஷம் எப்படிம்மா முடிந்தது என்று டைரக்டர் கேட்டால்? கீழே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி சிரித்தால் போதும். சித்தியின் பதினோரு வருஷத்து வேலை அந்த மேடையோடு முடிந்துவிடும்.

சித்தி அடுப்பை அணைத்தாள். "எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே ஏளா" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் ஸ்டெபிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். படித்த படிப்பின் மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, மாலையைப் பற்றி எதுவும் கேட்காமல், சித்தி வேறொன்றைக் கேட்டாள். "ரெண்டு நாளுக்கு மேல வரலைன்னா டோக்கன் போயிருமா? அப்ப ஐஸ்வர்யா என்ன செய்வா?"

"எந்த ஐஸ்வர்யா?"

"பன்னெண்டாம் நம்பர். புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். கைப்பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லைன்னா அவதானே நிக்கணும்? அவளுக்கு வேற யாரு இருக்கா?"

ஸ்டெபி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து தன் பெரிய தாளை எடுத்து விரித்தாள். பன்னிரண்டாம் வரிசையில் புள்ளிகள் அம்மை போட்ட மாதிரி இருந்தன. "முப்பத்தொண்ணு யாரு சித்தி?"

"அவ மாமியாருக்கு வாதம், எந்திரிக்க முடியாது. இவ ஒத்த ஆளு."

"அம்பத்தெட்டு?"

"புதுக்கோட்டைக்காரி. இங்கன தனியா வீடெடுத்து இருக்கா. அவளுக்குச் சொந்தம்னு யாரும் இல்ல."

எந்த வரிசையில் புள்ளி அதிகமோ, அந்தப் பெண்ணுக்குப் பின்னால் யாருமில்லை. எந்த வரிசையில் குறைவோ, அங்கே ஒரு அக்காளோ நாத்தனாரோ பக்கத்து வீட்டுக்காரியோ இருந்தாள். மூன்று வாரம் குனிந்து உட்கார்ந்து ஸ்டெபி எண்ணியது இதைத்தான். எண்ணியவளுக்கே தெரியாமல் எண்ணியிருக்கிறாள்.

"சும்மா இருந்தா எனக்கு மாலை, ஐஸ்வர்யாவுக்கு அடி" என்றாள் சித்தி. "அந்த மாலையைக் கழுத்துல போட்டுக்கிட்டு நான் எப்படி அவ பக்கத்துல நின்னு உரிப்பேன்? திங்கக்கிழமை போயிச் சொல்லிருவோம்."

"வேலை போயிட்டா?" என்றாள் டெல்பின்.

"போனா போவுது" என்று சித்தி சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற வசதி அவளுக்கு இல்லை. "போகாம இருக்கணும்னு செபம் பண்ணு" என்றாள்.

திங்கட்கிழமை காலை நான்கு பேரும் போனார்கள். பேபி, டெல்பின், கடையைச் சாத்திவிட்டு வந்த சீனித்தாய், பின்னால் தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஸ்டெபி. மாஸ்க்கும் தொப்பியும் இல்லாமல் சேலையில் நின்ற மூன்று பெண்களையும் பார்த்த ராஜபாண்டி, "வேலைக்கா? கான்ட்ராக்டரைப் பாருங்கம்மா" என்றார். சனிக்கிழமை மேடையில் மாலை வாங்க வேண்டியவளும் அந்த மூன்று பேரில் நின்றிருந்தாள்.

"சார், நாற்பத்தேழு இவங்கதான்" என்றாள் ஸ்டெபி.

"யாரு?"

"மூணு பேரும்தான் சார்."

விஷயம் புரிந்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. இது ஆள்மாறாட்டம், மூணு பேரும் இப்பவே கிளம்பணும் என்றார். சூப்பர்வைசர் ஜீவமணியைக் கூப்பிட்டு விட்டார். ஜீவமணி இருபது வருஷமாக அங்கே இருப்பவர். வந்து நின்று, பெண்களைப் பார்த்து, நிலைமையைப் புரிந்துகொண்டார்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"மாஸ்க் போட்ட பொறவு எனக்குக் கண்ணு மட்டும்தான் சார் தெரியும். கை ஓடுதான்னு பாப்பேன். நாப்பத்தேழுல கை என்னைக்கும் நின்னதில்ல." கொஞ்சம் இழுத்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "உங்களுக்கு முந்தி இருந்தவருக்கும் தெரியும் சார்."

ராஜபாண்டி வாயைத் திறப்பதற்குள் ஸ்டெபி தாளை மேசைமேல் விரித்தாள். "நான் எழுதுனது தப்பு சார். ஒழுங்கா வர்றவங்க, வராதவங்கன்னு இங்க ரெண்டு வகை இல்ல. ஆள் இருக்கிறவங்க, இல்லாதவங்கன்னுதான் ரெண்டு வகை. நீங்க அந்த விதியைக் கொண்டுவந்தா யாருமே இல்லாதவங்களைத்தான் வெளிய அனுப்புவீங்க. என் ரிப்போர்ட்டை நீங்க ஆதாரமா வைக்கக் கூடாது." பன்னிரண்டு, முப்பத்தொன்று, ஐம்பத்தெட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். பெயர் மட்டும் சொல்லவில்லை.

ராஜபாண்டி அந்த வரிசைகளில் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு வேறொரு கவலையைச் சொன்னார். அதுவும் நியாயமான கவலைதான். "மருத்துவச் சான்று இல்லாத ஆள் இறாலைத் தொட்டதுன்னு வாங்குறவனுக்குத் தெரிஞ்சா கன்டெய்னரே திரும்பி வந்துரும்மா. அப்ப இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும்தான் வேலை இல்லை."

"அப்ப எங்களையும் சோதிச்சுப் பாத்துக்கிடுங்க சார்" என்றாள் சீனித்தாய். "ஊசி போடணும்னா போடுங்க. நாங்க ஒளிஞ்சு வாரதே நீங்க கேக்காததுனாலதான்."

அவர் பேபியை மட்டும் வேலைக்குப் போகச் சொன்னார், மற்றவர்களை வீட்டுக்கு. மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் சித்தி வேனிலிருந்து இறங்கி வந்து, கையிலிருந்த அச்சடித்த படிவத்தை அவள் மடியில் போட்டாள். டோக்கன் எண், பெயர். அதன் கீழே, வர முடியாத நாளில் வரக்கூடிய மாற்று ஆட்கள், மூன்று கோடு. எல்லோருக்கும் கம்பெனியே மருத்துவச் சோதனை செய்து அட்டை தரும். யாருமில்லாதவர்களுக்கு மாற்று ஆளைக் கம்பெனியே ஏற்பாடு செய்யும் என்று கடைசியில் ஒரு வரி. ஏப்ரல் விதியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ராஜபாண்டி மன்னிப்பும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. சனிக்கிழமை டைரக்டர் வந்து ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். மாலை போடுகிற நிகழ்ச்சியே நடக்கவில்லை.

திருத்திய அறிக்கைக்குச் சிவபாலன் சார் நாற்பத்தொன்று போட்டார். தாமதமாகக் கொடுத்ததற்கு மூன்று குறைத்ததாகச் சொன்னார். இன்றைக்கும் அந்த மூன்று மார்க்கை நினைத்தால் ஸ்டெபிக்கு ஆத்திரம்தான்.

அந்தப் படிவத்தைச் சித்தி தானே நிரப்பினாள். முதல் கோட்டில் டெல்பின், இரண்டாவதில் சீனித்தாய். மூன்றாவதைப் படித்துவிட்டு ஸ்டெபி நிமிர்ந்தாள்.

"என் பேரை எதுக்குப் போட்டீங்க சித்தி?"

"ஏன், வரமாட்டியா?"

"நான் படிச்சு முடிச்சு வேலைக்குப் போயிட்டா?"

"நாங்க மட்டும் சும்மாவா இருக்கோம்?" என்றாள் சித்தி.

ஸ்டெபி பட்டம் வாங்கினாள். விலங்கியலுக்கு வேலை கிடைக்கவில்லை, மைனர்தான் சோறு போட்டது. யார்டில் நானூறு பேருக்கு வருகை, விடுப்பு, சம்பளப் பட்டியல் எல்லாம் அவள் பொறுப்பு. விடுப்புப் படிவத்தில் அவள் கொஞ்சம் கறார். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று மொட்டையாக எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவாள். அதற்காகத் திட்டு வாங்குவதும் உண்டு. வேறு ஒரு பழக்கமும் இருக்கிறது. யாராவது அடிக்கடி வராமல் இருந்தால் எச்சரிக்கைக் கடிதம் அடிப்பதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பாள். இதெல்லாம் எந்தப் பாடத்தில் வருகிறது என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள்.

இந்த ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறரைக்குச் சித்தி வீட்டிலிருந்து அம்மா வந்தாள். சித்திக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இரண்டு நாள் சீனித்தாய் போனாள். இன்று அவள் தன் மகளின் பிரசவத்துக்குச் சாயர்புரம் போய்விட்டாள். அம்மாவுக்கு முழங்கால் வீங்கி, நிற்க முடியவில்லை. ஏற்றுமதி நெருக்கடியான வாரம், கம்பெனி ஏற்பாடு செய்கிற ஆட்கள் எல்லாம் ஏற்கெனவே உள்ளே நிற்கிறார்கள். அம்மா வில்லையை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

ஸ்டெபிக்கு அன்று யார்டில் தணிக்கை. பத்து மணிக்கு மேலதிகாரியோடு கூட்டம். ஒரு நிமிஷம் தயங்கத்தான் செய்தாள். பிறகு போனை எடுத்து விடுப்புப் படிவத்தைத் திறந்தாள். ஒரு நாள், தற்செயல் விடுப்பு. காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. காய்ச்சல் என்று போடலாம், காய்ச்சல் அவளுக்கில்லை. சொந்த வேலை என்று போட்டால் அவளே அவளுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

'வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது' என்று எழுதி அனுப்பினாள். அம்மா எடுத்துக் கொடுத்த ரப்பர் பூட்ஸை வாங்கிக்கொண்டு, வேன் நிற்கும் முனைக்கு ஓடினாள்.